தண்ணீர் இல்லாத அமிர்தி

இன்று காலை ஷூ கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து வலது தோளில் தேய்க்க ஆரம்பித்தார். வெளியே தூறல். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்ததால் அந்த நெடி பஸ் முழுக்கப் பரவியது. நான் சட்டென்று பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. என் கழுத்துக்கு அது இன்னும் பழகவில்லை.

வாலிபால் ஆடி ஆடிக் கெட்டுப்போன தோள் உன்னுடையது. திங்கட்கிழமைகளில் கட்டிங் செக்‌ஷனில் தோல் வாசனையைவிட உன் தைல வாசனைதான் ஜாஸ்தியாக இருக்கும். உன் பிரஸ் மெஷினுக்கும் என்னுடையதற்கும் நாலடி தூரம். பதினாறு வருடம் அந்த நாலடியில் நாம் பேசாத பேச்சு இல்லை. ஆனால் உனக்கு நான் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லவே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

சேகரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். நம் எல்லோருக்கும் அங்கேதான் ஆரம்பம்.

சேகர் நம் வாலிபால் டீமில் நன்றாக அடித்து ஆடுகிறவன். தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. சிரித்த முகம். அவன் வீட்டிலிருந்து சத்தம் வரும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால், “அது அவங்க குடும்ப விஷயம்” என்று யாராவது சொல்வார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அரை மணி நேரம் தாமதமாக வந்தான். தலை ஈரமாக இருந்தது. “குளிச்சிட்டா ஆட வர்ற?” என்று நான்தான் கிண்டல் செய்தேன். அவன் சிரித்தான். இரண்டு ஆட்டம் ஆடினான். அன்றைக்கு அவன் அடித்த பந்து எதையும் எதிர் டீம் எடுக்க முடியவில்லை. நாம் கை தட்டினோம். ஆட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். சேகரின் மனைவி விமலா சமையலறையில் கிடந்தாள். மைதானத்துக்கு வருவதற்கு முன்பே அவளைக் கொன்றுவிட்டுத்தான் அவன் வந்திருந்தான்.

போலீஸ்காரர் தெருவில் ஒவ்வொருவரிடமும் கேட்டார், சத்தம் கேட்டதா என்று. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னோம். “எப்பவும் கேக்கற சத்தம்தான் சார்.” நீயும் சொன்னாய். நானும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு யாரும் மைதானத்துக்கு வரவில்லை. நீ மட்டும் வலையைக் கட்டிவிட்டு, வலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் நாலு பேர் வந்தோம். ஆடவில்லை. அன்று நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

“பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரூமுக்கு வெளிப்பக்கம் புதுசா ஒரு தாழ்ப்பா போட்டிருந்தான். இன்னாத்துக்குடான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. பாயசம் குடிச்சிட்டு வந்துட்டேன்.”

அதன் பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் எல்லோரும் தரையில் உட்காரவேண்டும் என்று நீ ஒரு வழக்கம் வைத்தாய். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பேசவேண்டும். ஊரே சிரித்தது. “ஆம்பளைங்களுக்கு மாதர் சங்கம் வெச்சிட்டான்” என்றார்கள். நாலைந்து பேர் வேறு டீமுக்குப் போய்விட்டார்கள். உனக்கு அது பேஜாராக இருந்தது. ஆனாலும் விடவில்லை. முதல் வாரம் யாரும் வாய் திறக்காதபோது நீயே ஆரம்பித்தாய்.

“கல்யாணம் ஆன புதுசுல நான் எஸ்தரை அறைஞ்சேன். இங்க சொல்லலாமான்னு அவளைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். சொல்லுன்னா. மறுபடி கை ஓங்கினா எங்க அண்ணனுங்க வருவாங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டா. அதுக்குப் பயந்துதான் நிறுத்தினேன். நல்லவனா மாறி ஒண்ணும் நிறுத்தல.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

நான் அங்கே நன்றாகப் பேசுவேன். அது உனக்குத் தெரியும். கூட்டம் அடங்கிப் போனால் நீ என் முகத்தைத்தான் பார்ப்பாய், நான் ஆரம்பிப்பேன். பொம்பளையை நம்பவேண்டும், அவள் சம்பாதிக்கிறாள் என்றால் நமக்குப் பெருமை, சந்தேகம் ஒரு வியாதி என்றெல்லாம் பேசுவேன். புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் என் மனைவி சுமதியின் போன் இருந்தது.

சுமதிக்கு அந்த வருடம்தான் ஸ்டிச்சிங்கில் லைன் சூப்பர்வைசராக வேலை உயர்ந்தது. அவள் வேலை செய்தது வேறு கம்பெனி. உன் எஸ்தர் அதே லைனில் தைத்துக்கொண்டிருந்தாள். வேலை உயர்ந்ததும் போன்கள் வர ஆரம்பித்தன. மேனேஜர் கூப்பிடுவார், குவாலிட்டி ஆள் கூப்பிடுவார். அவள் நின்றுகொண்டே தெளிவாகப் பதில் சொல்வாள். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை. அவள் நன்றாகப் பேசுகிறாள் என்பதுதான் முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. சந்தேகம் பிறகுதான் வந்தது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல வருடம் ஆயிற்று.

முதலில் போனைப் பார்த்தேன். பிறகு வாங்கி வைத்துக்கொண்டேன். வார லீவு நாளில் அவளுக்குப் போன் எதற்கு என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் அது என் பையில் அதிர்ந்தபோது எடுத்து அணைத்தேன். மயில் படம் போட்ட உறை.

“புது போனா மச்சான்?” என்று கேட்டாய்.

“ஆமா. பழசு ரிப்பேர்.”

நீ தலையாட்டினாய். உன் பார்வை மட்டும் என் பையைவிட்டு நகரவில்லை. தோலைக் கட்டிங் மேஜையில் விரிக்கும்போது எங்கே கீறல் இருக்கிறது என்று தேடுவாயே, அப்படிப் பார்த்தாய்.

அதற்கு ஒரு மாதம் கழித்து நானே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டேன். டீ பிரேக்கில் யாரோ, நம் ஊர் ரயில்வே கேட்டில் எப்போதும் வண்டிகள் நின்றுபோகின்றன என்று சலித்துக்கொண்டார்கள். நான் யோசிக்காமல் சொன்னேன்: “சுமதி வேன் அஞ்சு நாப்பத்தி ரெண்டுக்குக் கேட்டைத் தாண்டும். நேத்து அஞ்சு அம்பது. முந்தாநாள் அஞ்சு நாப்பத்தி நாலு.”

எல்லோரும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் டம்ளரைக் கீழே வைத்தாய்.

“உனக்கெப்படித் தெரியும்? நமக்கு ஷிப்ட் முடியறதே ஆறு மணிக்குத்தானே?”

கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தவரிடம் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சிரித்து மழுப்பினேன்.

வீட்டில் அதுவரை சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. கத்துவேன். இரண்டு தடவை அடித்திருக்கிறேன். மூன்று என்று சுமதி சொல்வாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். பிறகு ஒரு நாள் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். ஏப்ரல் கடைசியில் அது. இரண்டு வாரம் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு மாம்பழம் வாங்கிப் போனேன். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கம்மியாக இருந்தபோதுகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். எனக்குள்ளே ஏதோ ஒன்று முடிவாகிவிட்டதுபோல ஒரு நிம்மதி. எது முடிவாயிற்று என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பிற்பாடு மகளிர் காவல் நிலையத்தில் சுமதி சொன்னாள்: “அவரு கத்துனப்பல்லாம் பயம் இல்லீங்க மேடம். கத்தாம இருந்தாரு பாருங்க, அந்த ரெண்டு வாரம் நான் தூங்கவே இல்ல.”

உன்னிடம் நான் சொன்னது ஒரு திங்கட்கிழமை. மெஷினில் தோலை விரித்துக்கொண்டே, “புதன்கிழமை லீவு போடறேன்டா. சுமதியை அமிர்திக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“புள்ளைங்க?”

“பள்ளிகொண்டாவுல அவங்க அம்மா வீட்ல விட்டுட்டோம். லீவுதானே.”

“நீங்க ரெண்டு பேரும் மட்டும்?”

“ஆமா. கல்யாணம் ஆகி எங்கயும் போனதே இல்ல. அதான்.”

நீ மெஷினை நிறுத்தினாய். நம் செக்‌ஷனில் அத்தனை மெஷின் அடித்துக்கொண்டிருந்தும் உன்னுடையது நின்றது எனக்குத் தனியாகக் கேட்டது.

“மே மாசத்துல அமிர்தில இன்னாடா இருக்குது? அருவில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. வெறும் பாறை. இன்னா பாக்கப் போற?”

“சும்மா... காத்து வாங்கத்தான்” என்றேன். வேறு எதுவும் உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

அன்று மாலை நீ எஸ்தரிடம் பேசியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் சுமதியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். சுமதி சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாளாம்: “போறதுக்கும் பயமா இருக்குது எஸ்தர். வரலன்னு சொல்றதுக்கும் பயமா இருக்குது.” அவள் அம்மா வீட்டுக்கு ஓடினால் நான் அங்கே போய் நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். போகிற வழியில் பாகாயத்தில் அவள் சித்தி வீடு இருந்தது; அந்த வீடு அப்போது எனக்குத் தெரியாது. தான் அங்கே இறங்கிவிடுவதாகவும், அதுவரை நீயும் எஸ்தரும் கூடவே வரவேண்டும் என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். நீயாக எதுவும் செய்வதற்கு முன்னால், சுமதிக்கு என்ன வேண்டும் என்று எஸ்தரை விட்டுக் கேட்டாய். அந்த ஒரு காரியத்தால்தான் எல்லாம் நடந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஏழரை மணி. மாதனூர் பஸ் ஸ்டாப் நிழலில் நீ வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றாய். பின்னால் எஸ்தர், கையில் ஒரு சாப்பாட்டுக் கூடை.

“நாங்களும் அமிர்தி பாத்ததே இல்ல மச்சான். போலாமா?” என்றாய்.

உன் குரல் சாதாரணமாக இருந்தது. நடுரோட்டில் வைத்து என்ன சொல்ல முடியும்? வண்டியைக் கிளப்பினேன். ஹைவே முழுக்க நீ என் பின்னாலேயே வந்தாய். நான் வேகமாகப் போனால் வேகமாக, மெதுவாகப் போனால் மெதுவாக. லாரிக்கு முன்னால் புகுந்து போனேன். நீயும் புகுந்தாய். சுமதி என் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலூர் தாண்டினோம்.

பாகாயத்தில் நீ ஹாரன் அடித்தாய். டீ குடிக்கலாம் என்று கையைக் காட்டினாய். நிறுத்தினேன். சுமதி இறங்கினாள், எஸ்தரிடம் போனாள். இரண்டு பேரும் கடையைத் தாண்டி நடந்தார்கள். தெரு முனையில் திரும்பினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் வண்டியை உதைக்கப் போனபோது சாவி இல்லை. அது உன் கையில் இருந்தது.

“குடுடா.”

“மாட்டேன்.”

“எம் பொண்டாட்டிய எங்கடா அனுப்பின?”

“நான் அனுப்பல. அவ போறா.”

அடித்தேன். முதல் அடி தாடையில். இரண்டாவது, உன்னுடைய அந்தக் கெட்டுப்போன தோளில். தெரிந்தேதான் அங்கே அடித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். நீ அவர்களைக் கையமர்த்தினாய். வாயோரம் ரத்தம்.

“அடிச்சுக்கோ. சாவி மட்டும் தரமாட்டேன்.”

பிறகு நான் எதிர்பாராத ஒன்றை நீ சொன்னாய். “என் வண்டியில ஏறு. அமிர்திக்குத்தானே போவணும்? வா, நாம ரெண்டு பேரும் போலாம்.”

ஏன் ஏறினேன் என்று இன்றும் தெரியாது. கணியம்பாடி தாண்டிக் காட்டு ரோட்டில் வெயில் அனலாக அடித்தது. மரங்களில் பாதிக்கு இலை இல்லை. மிருகக்காட்சிசாலைப் பக்கம் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அதையும் தாண்டி அருவிக்குப் போகிற பாதையில் நாம் மட்டும் நடந்தோம். நீ முன்னால் நடக்கவில்லை, பின்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தாய். அருவி இருந்த இடத்தில் பாறைகள் வெளுத்துக் கிடந்தன. பாறையில் தண்ணீர் ஓடிய கறுப்புத் தடம் மட்டும் மேலிருந்து கீழே இறங்கியது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

நீ நின்றாய். என்னைப் பார்க்காமல் பாறையைப் பார்த்துக் கேட்டாய்.

“எந்த இடம்?”

“இன்னாது?”

“எந்த இடத்துலடா?”

நான் எதையும் திட்டம் போடவில்லை என்றுதான் அந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கை எழுந்தது. இடது பக்கம் மேலே இருந்த, கீழே பள்ளம் தெரிகிற அந்தப் பெரிய பாறையை அது காட்டியது. முந்தைய வாரம் ஒரு நாள் நான் தனியாக வந்து அந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தேன். சும்மா காற்று வாங்க வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையைக் கீழே இறக்க முடியவில்லை. நீதான் பிடித்து இறக்கினாய்.

பிறகு நீ தரையில் உட்கார்ந்தாய். உன் முழங்கால்கள் நடுங்கியதைப் பார்த்தேன். நான் அழ ஆரம்பித்தபோது நீ என்னைத் தேற்றவில்லை, தொடவுமில்லை. அழுது முடியும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய்: “இனிமே அவ இருக்கற வீட்டுக்கு நீ போவக் கூடாது. அவ கம்பெனி வாசல்ல நிக்கக் கூடாது. கேட்கிட்ட ஆள் வெக்கக் கூடாது. நாளைக்கு அவ ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பா. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்.”

“எனக்கு எதிரா நீயா?”

“உனக்கு நான் தோஸ்த்து. அவளுக்கு நான் சாட்சி. ரெண்டும் நான்தான்.”

சொன்னபடியே செய்தாய். கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து எனக்கு ரூம் பார்த்துக் கொடுத்தாய். உன் வீட்டில் என்னைத் தங்கவைக்க எஸ்தர் ஒப்புக்கொள்ளவில்லை. “என் வீட்ல அவரு வேணாம்” என்று என் காதுபடவே சொன்னாள். அவள் சொன்னது சரி. தினமும் ஷிப்ட் முடிந்து என் ரூமுக்கு வந்து அரை மணி உட்காருவாய். நான் எங்கேயும் போகவில்லை என்று பார்த்துவிட்டுப் போவாய். அப்போது எனக்கு உன்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. ஒரு வருடம் உன்னை வெறுத்தேன். நாலடி தூரத்தில் நின்றுகொண்டு வெறுத்தேன்.

சுமதி திரும்பி வரவில்லை. முறைப்படி பிரிந்துவிட்டோம். பாகாயம் பக்கமே வீடு எடுத்துக்கொண்டாள். அங்கிருந்தே வேலைக்குப் போய் வருகிறாள். மகள் கல்லூரியில் படிக்கிறாள், பையன் பத்தாவது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கிறேன், அவள் சித்தி வீட்டு வாசலில். ஒரு தடவை, நாலு வருடம் முன்பு, சுமதி தானாக என்னிடம் பேசினாள். “நான் உங்களை மன்னிக்கல. அதை எதிர்பாத்துட்டு இருக்காதீங்க. ஆனா புள்ளைங்க உங்களைப் பாக்கட்டும்” என்றாள். கம்பெனிக்காரர்களிடம் பேசுகிற அதே தெளிவான குரல்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் வேலூருக்கு டயாலிசிஸ். எஸ்தருக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது. அதனால் செவ்வாயும் சனியும் நான் உன்னைக் கூட்டிப் போனேன். உன் கை வீங்கிப்போய் நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். வரும் வழியில் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு பேசுவாய். பெரும்பாலும் வாலிபால்தான். ஒரு நாள் மட்டும் வேறு பேசினாய்.

“ஞாயித்துக்கிழமை அமிர்திக் கதையைச் சொல்றியே மச்சான், அதுல ‘ஒருத்தன்’னு சொல்ற. ‘ஒருத்தன் இப்படித்தான் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனான்’னு. கேக்கறவனுக்கு அவன் வேற எவனோ. அவனவன் தப்பிச்சிக்கறான்.”

“‘நான்’னு சொன்னா அடுத்த வாரம் எவன்டா என் பக்கத்துல உக்காருவான்?”

“தெரியல. நான் உக்காந்தேன்ல” என்றாய்.

நீ இருந்தவரை ‘ஒருத்தன்’ என்றுதான் சொன்னேன்.

உன்னைப் புதைத்த அன்று மழை. கல்லறைத் தோட்டத்துக்குச் சுமதி பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவள் உள்ளே இருக்கும்வரை நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அது நீ வைத்த கட்டுப்பாடு. நீயே உள்ளே கிடக்கும்போது அதை மீற முடியுமா? அவள் குழியருகே வெகுநேரம் நின்றாள். ஒரு பிடி மண்ணைப் போட்டாள், பிறகு இன்னொரு பிடி. அவள் போனபிறகு நான் வந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். எனக்குப் போட மண் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ‘நான்’ என்று சொன்னேன்.

திட்டமிட்டு இல்லை. ஆட்டம் முடிந்து பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஒருத்தன்...” என்று ஆரம்பித்தேன், நிறுத்தினேன். “ஒருத்தன் இல்ல. நான்” என்றேன். சேகரைக் கிண்டல் செய்ததிலிருந்து, மயில் உறை, பெட்டிக்கடை, அந்த இரண்டு வாரம், பாறை, என் கை எழுந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் தலையாட்டவில்லை. என்னோடு பன்னிரண்டு வருடம் ஆடினவன் ஒருவன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வலையை அவிழ்க்கப் போனேன்.

ஒருவன் மட்டும் போகவில்லை. ஆறு மாதமாக வருகிறவன், முப்பது வயது இருக்கும், ஷூ கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருக்கிறான். ரொம்ப நன்றாகப் பேசுவான். பொம்பளையை மதிக்கவேண்டும் என்று அவன் பேசும்போது நானே அவனைப் பாராட்டியிருக்கிறேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா.”

“சொல்லுப்பா.”

“நீங்க அமிர்தின்னு சொன்னீங்கல்ல...” அவன் கம்பத்தின் பெயின்டைச் சுரண்டினான். “எனக்கு ஏலகிரி. வர்ற வியாழக்கிழமை.”

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். பிறகு அவனைக் கேட்டுக்கொண்டு, அவன் எதிரிலேயே எஸ்தருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் யார், எந்தக் கம்பெனி, எவ்வளவு நாளாக வருகிறான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எஸ்தர் நடுவில் நிறுத்தினாள்.

“அவன் கதை இருக்கட்டும். அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை. இத்தனைக்குப் பிறகும் எனக்கு அது தோன்றவில்லை, பார். போனைக் காதில் வைத்தபடியே அவனிடம் கேட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். எஸ்தர் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்குச் செவ்வாய். நேற்று எஸ்தர் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டாள். அவள் என்ன கேட்டாள் என்று உனக்குக்கூட எழுதமாட்டேன். அது அவள் சொன்னால்தான் உண்டு. அதன்படி வியாழக்கிழமை நான் எங்கே நிற்கவேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருக்கிறாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் நேற்றும் இன்றும் எனக்குப் போன் செய்தான். இன்று அவன் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “ஒண்ணும் இல்லண்ணா, நான் சும்மா சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்றான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் என்னைவிட இளையவன், பலசாலி. அந்த அமைதியான குரலை எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். இத்தனை வருடமும் நீ தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. அன்று பாறைக்கு முன்னால் உன் முழங்கால்கள் நடுங்கியபோது, என் கதையைக் கேட்டு நடுங்குகிறாய் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஆள் இல்லாத காட்டில், அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், என்னோடு தனியாக நின்றிருந்தாய். மாதனூரிலிருந்து அந்த இடம் வரை நீ என்னைக் கண்டு பயந்துகொண்டேதான் வந்தாய்.

ஆனாலும் வந்தாய்.